பலகையின் சான்றும் அறையின் காற்றும்

திருச்சிராப்பள்ளியின் தில்லை நகர், கே.கே. நகர், வயலூர் சாலைப் பகுதிகளிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவிலும் பழைய தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து வருவதால், மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், லாஃப்ட், டி.வி. யூனிட் ஆகியவற்றின் வியாபாரமும் பெருகியிருக்கிறது. அவற்றை விற்போரின் விளம்பரங்களில் ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’, ‘ஜீரோ எமிஷன்’, ‘இ-ஜீரோ தரம்’, ‘குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது’ என்ற தொடர்கள் சாதாரணமாகிவிட்டன. இவற்றின் பக்கத்திலேயே காற்றைச் சுத்தப்படுத்தும் செடி, மூங்கில் கரிப் பை, ஏர் பியூரிஃபையர், நச்சை உறிஞ்சும் பெயின்ட் என இன்னொரு சந்தையும் வளர்ந்துள்ளது. முன்னது நஞ்சே இல்லை என்கிறது. பின்னது இருந்தால் நீக்கித் தருகிறேன் என்கிறது. இரண்டும் சேர்ந்து, வீட்டுக் காற்றின் தரம் வாங்கும் பொருளின் முத்திரையால் முடிவாகிறது என்ற பொதுக்கருத்தை நிலைநாட்டியிருக்கின்றன. அக்கருத்து தவறானது என்பதும், ஆய்வகத்தில் ஒரு பலகை பெற்ற சான்றுக்கும் ஸ்ரீரங்கத்து வீடொன்றின் படுக்கையறையில் சுவாசிக்கப்படும் காற்றுக்கும் இடையே உள்ள தூரத்தை மறைப்பதே இவ்விளம்பரங்களின் வேலை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எதிர்த்தரப்பின் கூற்றை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைத்துவிட்டு அதன்பின் மறுக்கப் புகுவது ஸ்ரீரங்கத்து வைணவ ஆசாரியர்கள் தம் வாத நூல்களில் கைக்கொண்ட முறை. பூர்வபட்சம் என்று அவர்கள் வழங்கிய அம்முறைப்படி விற்பனைத் தரப்பின் வாதத்தைச் சொன்னால் அது வருமாறு: பலகைத் தொழிலில் பயன்படும் பசைகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் வெகுவாகத் திருந்தியிருக்கின்றன, உமிழ்வு குறைந்த பலகைகள் கற்பனையல்ல, அவை உண்மையிலேயே சந்தையில் கிடைக்கின்றன, அவற்றை ஐரோப்பிய, ஜப்பானிய, அமெரிக்க முறைகளின்படி ஆய்வகங்கள் அளந்து சான்று தருகின்றன, வாங்குவோர் வேதியியல் கற்றவர்கள் அல்லர் என்பதால் அந்தச் சான்றை அவர்களுக்குப் புரியும் எளிய சொல்லில் சுருக்கித் தருவதே விளம்பரத்தின் கடமை. இவ்வாதத்தின் முதல் மூன்று படிகளும் பெரும்பாலும் ஏற்கத்தக்கவை. எளிய சொல்லில் சுருக்கும் கடைசிப் படியில்தான் அளவும் நிபந்தனையும் கழன்று விழுகின்றன.

ஃபார்மால்டிஹைடு என்பது ஒரு கார்பன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த, நிறமற்ற, மூக்கையும் கண்ணையும் உறுத்தும் வாயு. இதை நீரில் கரைத்தால் கிடைப்பது, மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் கூடங்களில் உடல்களைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின். 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் நடத்திய சோதனைகளில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டு, அந்த அச்சம் தமிழ்நாட்டு மீன் சந்தைகளுக்கும் பரவியபோது இப்பெயர் வீடுதோறும் அறிமுகமாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. உலக சுகாதார அமைப்பு 2010-இல் வெளியிட்ட வீட்டுக் காற்று வழிகாட்டியில், எந்த 30 நிமிடச் சராசரியும் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. அவ்வளவுக்கு உட்பட்டிருந்தால் கண், மூக்கு உறுத்தலிலிருந்தும் நீண்டகாலப் பாதிப்பிலிருந்தும் காப்புக் கிடைக்கும் என்பது அவ்வமைப்பின் நிலை. இந்த எண் காற்றுக்கு உரியது, பலகைக்கு உரியதல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வரும் குழப்பங்கள் பலவும் தெளியும்.

பலகைக்குள் இந்த வாயு வருவது பசை வழியாக. மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். ஆகியவற்றிலும், ‘எம்.ஆர்.’ என்று கடைகளில் சொல்லப்படும் ஈரம் தாங்கும் வகை ப்ளைவுட்டிலும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். அது மலிவானது, நிறமற்றது, சூடான அழுத்தியில் விரைவாக இறுகுவது. ஆனால் ஈரமும் வெப்பமும் படும்போது அதன் பிணைப்புகள் நீரால் மெல்ல மெல்ல அவிழ்ந்து ஃபார்மால்டிஹைடை வெளியேற்றுகின்றன. நீராற்பகுப்பு என்று வழங்கும் இந்த அவிழ்தல் புதுப் பலகையில் மிகுந்தும் பழையதில் குறைந்தும் பல ஆண்டுகள் நடக்கும். இதற்கு மாறாக, கொதிநீரைத் தாங்கும் ‘பி.டபிள்யூ.ஆர்.’ வகையிலும் ஐ.எஸ். 710 தரத்திலான மரைன் ப்ளையிலும் பெரும்பாலும் பயன்படும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, பெயரில் அச்சொல்லைத் தாங்கியிருந்தாலும், நீருக்கு எளிதில் அவிழாத பிணைப்பு உடையதாகையால் மிகக் குறைவாகவே உமிழ்கிறது. ஆகவே பெயரைக் கண்டு அஞ்சுவோர் விலக்கும் பலகை பாதுகாப்பானதாகவும், பெயரே சொல்லாமல் விற்கப்படும் பலகை உமிழ்வு மிக்கதாகவும் இருக்கக்கூடும். ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்ற சொல் இந்த வேறுபாட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

‘இல்லாதது’ என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். எந்தப் பசையும் தடவாத மரமே சிறிதளவு ஃபார்மால்டிஹைடை வெளிவிடுகிறது. ஆகவே மரத்தாலான எந்தப் பொருளும் பூஜ்ய உமிழ்வு உடையதாக இருக்க முடியாது. அமெரிக்க விதிகள் இதை உணர்ந்தே, இத்தகைய பலகைகளைக் குறிக்க ‘சேர்க்கப்பட்ட ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்ற கட்டுப்பட்ட தொடரைப் பயன்படுத்துகின்றன. சோயாப் புரதம், பாலிவினைல் அசிடேட், ஐசோசயனேட் போன்ற மாற்றுப் பசைகளால் செய்த பலகைகளை அத்தொடர் சுட்டும். அதில் உள்ள ‘சேர்க்கப்பட்ட’ என்ற அடைமொழியை நம் ஊர் விளம்பரம் உதிர்த்துவிட, பசையைப் பற்றிய உண்மை காற்றைப் பற்றிய பொய்யாக மாறிவிடுகிறது. மேலும், பலகை மாற்றுப் பசையால் ஆனதாகவே இருந்தாலும், அதன்மேல் ஒட்டப்படும் மேற்பூச்சும் பக்கத்தில் நிற்கும் மலிவான கட்டிலும் அச்சான்றுக்குள் அடங்குவதில்லை.

‘இ-ஜீரோ’ என்ற குறியீடு இன்னும் நுட்பமான மயக்கம். பலகைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 13986, இ-1, இ-2 என்னும் இரு வகுப்புகளையே வரையறுக்கிறது. சோதனை அறைக் காற்றில் கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்கு மிகாமல் உமிழ்வது இ-1, அதைத் தாண்டுவது இ-2. அத்தரத்தில் இ-ஜீரோ என்று ஒன்று கிடையாது. சீனா 2021-இல் கொண்டுவந்த வகைப்பாட்டில் அப்பெயரில் ஒரு வகுப்பு உண்டு. அதன் வரம்பு 0.050 மில்லிகிராம், அதாவது பூஜ்யமல்ல. அதைவிடக் குறைந்த 0.025 மில்லிகிராம் வகுப்புக்கு அங்கே வேறு பெயர் உண்டு. ஜப்பானியத் தரம் எழுத்துகளை விடுத்து நட்சத்திரங்களால் குறிக்கிறது. அதன் நான்கு நட்சத்திரப் பலகை, மூடிய கண்ணாடிக் கலத்தில் வைத்த நீரில் கரையும் வாயுவின் சராசரி லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டாதது. ஒன்று காற்றில் அளந்தது, மற்றொன்று நீரில் அளந்தது, இன்னொரு முறையோ பலகையைக் கரைப்பானில் கொதிக்கவைத்து உள்ளிருக்கும் அளவைப் பிரித்தெடுப்பது. இவ்வெண்களை ஒன்றோடொன்று நேராக ஒப்பிட முடியாது. எந்த நாட்டுத் தரம், எந்த முறை, என்ன எண் என்று சொல்லாமல் ‘இ-ஜீரோ’ என்று மட்டும் அச்சிடும் பட்டியல், அளவைச் சொல்வதுபோல் பாவனை செய்து அளவை மறைக்கிறது.

சான்று உண்மையானதாகவே இருக்கட்டும். அப்போதும் அது திருச்சிக்குப் பொருந்துமா என்ற கேள்வி எஞ்சுகிறது, இம்மறுப்பின் மையமும் அதுவே. இ-1 வகுப்பைத் தீர்மானிக்கும் ஐரோப்பியச் சோதனை அறையில் வெப்பநிலை 23 டிகிரி செல்சியஸ், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 45 விழுக்காடு, ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதும் ஒருமுறை மாறும், ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டர் பலகைப் பரப்பு மட்டுமே இருக்கும். இந்த நான்கு நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் நிறைவேறும் வீடு திருச்சியில் அரிது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இவ்வூருக்குப் புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்கு வெகுதூரம் மேலேயே நிற்கும். ஆற்றிடைத் தீவான ஸ்ரீரங்கத்தில் சுவரும் துணியும் அந்நாள்களில் உலராமல் கிடப்பதை எல்லோரும் அறிவர். யூரியா பசைப் பலகைகள் இருந்த வீடுகளில் செய்த ஆய்வுகள், வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி ஏறினால் காற்றிலுள்ள ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்றும், ஈரப்பதம் 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயர்ந்தால் சுமார் 40 விழுக்காடு கூடுகிறது என்றும் காட்டின. இக்கணக்கு எல்லாப் பலகைக்கும் ஒரே சீராகப் பொருந்தாது என்றாலும், 23 டிகிரியில் வரம்பை ஒட்டித் தேறிய பலகை 35 டிகிரியில் அதே அளவில் நிற்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்பதற்கு இது போதும்.

பலகைப் பரப்பின் கணக்கு இன்னும் தெளிவானது. பத்துக்குப் பன்னிரண்டடி, பத்தடி உயரம் உள்ள படுக்கையறையின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். அதில் ஏழடி உயரம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள ஒரே ஒரு வார்ட்ரோப்பை நிறுத்தி, அதன் பக்கங்கள், கதவுகள், முதுகுப் பலகை, மேல்கீழ்த் தட்டுகள், உள்ளே ஐந்து அடுக்குகள் என எல்லாவற்றின் இரு முகங்களையும் கூட்டினால் சுமார் 390 சதுர அடி, அதாவது 36 சதுர மீட்டர் வரும். சோதனை அறை அனுமதிக்கும் விகிதத்தை அந்த ஒற்றை அலமாரியே நிரப்பிவிடுகிறது. லாஃப்ட், கட்டில், படிப்பு மேசை, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் அதற்குமேல். முகங்களில் மைக்கா ஒட்டினால் உமிழ்வு பெரிதும் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முகத்தில் மைக்கா, உட்புறத்தில் மெல்லிய பூச்சு, சுவரைப் பார்த்திருக்கும் முதுகில் ஒன்றுமில்லை. கீல் பொருத்த 35 மில்லிமீட்டர் விட்டத்தில் தோண்டிய குழிகள், சிங்க் குழாய் நுழைய அறுத்த ஓட்டை, அடுக்குத் தட்டின் பின்விளிம்பு ஆகியவை பச்சைப் பலகையாகவே திறந்து கிடக்கும். வாயு பலகையின் முகத்தைவிட அறுத்த விளிம்பு வழியே எளிதாக வெளியேறுவதாலும், சிங்க் அடியில் கசியும் ஈரம் அந்த விளிம்பில்தான் ஏறுவதாலும், விளிம்பில் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டிங் வேலையை ஆசாரி எவ்வளவு முழுமையாகச் செய்தார் என்பது பலகையின் சான்றிதழைக் காட்டிலும் முக்கியமாகிவிடுகிறது. அந்த வேலைக்கு எந்த விளம்பரமும் முத்திரை தருவதில்லை.

காற்று மாற்றத்தைப் பொறுத்தவரை நிலைமை இதைவிட மோசம். ஸ்ரீரங்கத்து வீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி தாண்டி நடுவே திறந்த முற்றம் இருந்தது. தேக்குக் கதவும் தூணும் எதை உமிழ்ந்தாலும் அது தங்க இடமில்லாமல் மேலே போயிற்று. இன்றைய அடுக்குமாடிப் படுக்கையறை கொசுவுக்கும் வெயிலுக்கும் அஞ்சிச் சாத்தப்பட்டு, ஸ்பிளிட் ஏ.சி. ஓடும் இடம். அந்த இயந்திரம் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதைப் பலரும் அறியார். ஏ.சி. ஓடும் நேரத்தில் வெப்பம் தணிந்து உமிழ்வு குறையும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பகல் முழுதும் பூட்டிக் கிடந்து சூடேறிய அறையில் சேர்ந்த வாயு, மாலையில் சன்னலைத் திறக்காமல் ஏ.சி. போட்டவுடன் மறைந்துவிடாது.

வெப்பமும் ஈரமும் சிறிய மூடிய அறையும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு உண்டு. 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியபின் வீடிழந்தோரை அந்நாட்டு அரசு தங்கவைத்த நடமாடும் வீடுகள் பெரும்பாலும் மரப் பலகைகளால் ஆனவை. கண் எரிச்சல், மூச்சுத் தொல்லைப் புகார்கள் குவிந்தபின் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வீடுகளை அளந்தது. சராசரி, நூறு கோடிப் பங்கில் 77 பங்காக இருந்தது. அது குளிர்காலத்தில் எடுத்த அளவு என்பதால் கோடையில் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும் என்று அம்மையமே எச்சரித்தது. கோடையில் வெக்கை மிகுந்த கரையில், அதன் குளிர்காலத்தில் நேர்ந்த நிலை அது.

சான்று அட்டை பொய்யாகவும் இருக்கலாம். கலிஃபோர்னியா மாநிலக் காற்று வாரியம் 2007-இல் ஒப்புதல் அளித்த விதி, இரண்டாம் கட்டத்தில் பத்து லட்சத்தில் ப்ளைவுட்டுக்கு 0.05 பங்கும் பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09 பங்கும் எம்.டி.எஃப்.புக்கு 0.11 பங்கும் என உமிழ்வு வரம்பு விதித்தது. அவ்வரம்புக்கு உட்பட்டது என்று பெட்டியில் அச்சிட்டு லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற சீனத் தயாரிப்புத் தரைப் பலகைகள் அவ்வளவைத் தாண்டுவதாக 2015 மார்ச்சில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று வெளிப்படுத்தியது; இவ்விவகாரத்தில் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2019-இல் அந்நிறுவனம் 3.3 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. விதியும் ஆய்வகமும் வழக்காடும் வசதியும் உள்ள நாட்டிலேயே அட்டை ஏமாற்ற முடிந்தது என்றால், எண்ணே அச்சிடப்படாத நம் ஊர் அட்டையை நம்பிக்கையின் பேரில் மட்டும் ஏற்கச் சொல்வது நியாயமாகாது.

இனி, இருக்கும் நஞ்சை நீக்கித் தருவதாகச் சொல்லும் சந்தையைப் பார்க்கலாம். ஸ்நேக் பிளான்ட், அரெகா பாம், மணி பிளான்ட் ஆகியவை ‘நாசா பரிந்துரைத்தவை’ என்று நர்சரிகளில் விற்கப்படுகின்றன. நாசாவுக்காக பி.சி. வோல்வர்டன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, முத்திரையிட்டு மூடிய சிறு பெட்டிகளுக்குள் ஒருமுறை வாயுவைச் செலுத்திச் செடி அதைக் குறைப்பதை அளந்தது. விண்கலம் போன்ற அடைத்த இடங்களை மனத்தில் கொண்ட சோதனை அது. 2019-இல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகள் அனைத்தையும் தொகுத்துக் கணக்கிட்டபோது, கட்டடங்களில் சாதாரணமாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று கண்டனர். மேலே சொன்ன பத்துக்குப் பன்னிரண்டடி அறைக்கு அது குறைந்தபட்சம் 110 தொட்டி. செடி அழகுக்கும் மன நிறைவுக்கும் நல்லது. சற்றே திறந்த சன்னல் செய்யும் வேலையை அது செய்யாது.

மூங்கில் கரிப் பையின் கதையும் இதுவே. கரி பல வாயுக்களைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஃபார்மால்டிஹைடு மைனஸ் 19 டிகிரியிலேயே கொதிக்கும் மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் வெறும் கரியில் அது நிலையாகத் தங்குவதில்லை. அதைப் பிடிக்க வேதிப்பொருள் ஏற்றிய கரியும், அதன் ஊடே காற்றைத் தள்ளும் விசிறியும் வேண்டும். அலமாரி மூலையில் தொங்கும் பை இரண்டும் அற்றது. ஏர் பியூரிஃபையர்களில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படும் ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அயனிகளை வெளிவிடும் கருவிகள் சிலவற்றில் பக்கவிளைவாக ஓசோன் உண்டாகிறது. அது எலுமிச்சை மணமூட்டிய தரை துடைக்கும் திரவத்திலும் ரூம் ஃபிரெஷ்னரிலும் உள்ள லிமோனீனோடு வினைபுரிந்து புதிதாக ஃபார்மால்டிஹைடையே உருவாக்குகிறது. நச்சை உறிஞ்சுவதாகச் சொல்லும் சுவர்ப் பூச்சுகளின் சான்றும் பெரும்பாலும் மூடிய பெட்டியில் ஒருமுறை செலுத்திய வாயுவைப் பற்றியதே. நாள்தோறும் ஊறிவரும் மூலம் இருக்கையில் சுவரின் உறிஞ்சும் திறன் ஒருநாள் நிரம்பும் என்பதை அச்சான்று சொல்லாது. விற்பனையாளர் வீட்டுக்கு எடுத்துவந்து காட்டும் கையடக்க மீட்டரும் சாட்சியாகாது: மலிவான உணரிகள் சானிடைசரின் ஆல்கஹாலுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் உரித்த ஆரஞ்சுத் தோலுக்கும் அதே போல எகிறும்.

இச்சந்தை பேசாமல் விடும் மூலம் ஒன்று உண்டு. 2003-இல் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் ஃபார்மால்டிஹைடு, சில வகைகளில் 51 சிகரெட்டுகள் எரிந்த அளவுக்கு இருக்கும் என்று காட்டியது. ஊதுபத்தி, சாம்பிராணி, வறுப்பதும் பொரிப்பதும் நடக்கும் கேஸ் அடுப்பு எல்லாமே தம் பங்குக்கு இதை வெளிவிடுகின்றன. சன்னலைச் சாத்திச் சுருள் ஏற்றும் வீட்டில் இ-ஜீரோ வார்ட்ரோப் வாங்கியவர் பணத்தைக் கொடுத்து நிம்மதியை மட்டும் வாங்கியிருக்கிறார்.

மறுபக்கத்திலிருந்து வரும் வாதத்தையும் விட்டுவிடலாகாது. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு, மனித உடலே அதை உற்பத்தி செய்கிறது, இரத்தத்தில் லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் இருக்கிறது, ஆகவே இக்கூச்சலெல்லாம் வீண் என்று சிலர் சொல்வர். செய்தி சரி, முடிவு தவறு. உணவிலும் இரத்தத்திலும் உள்ளதை உடலின் நொதிகள் உடனுக்குடன் மாற்றிவிடுகின்றன. சுவாசிக்கும் வாயு முதலில் தீண்டுவது மூக்கின் சளிச்சவ்வையும் கண்ணையும் மூச்சுக்குழலையும், பாதிப்பும் அங்கேயே தொடங்குகிறது. இதன் எதிர்த்துருவத்தில் நின்று, முதல் வகைப் புற்றுநோய்க் காரணி என்ற சொல்லைக் காட்டிப் பயமுறுத்தி மாற்றுப் பொருள் விற்பதும் அதே அளவு புரட்டு. அந்த வகைப்பாடு சான்றின் உறுதியைக் குறிப்பதே அன்றி, ஒரு வீட்டு அலமாரியால் விளையும் ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. வாடை வரவில்லை என்பதால் இல்லை என்பதும், புது அலமாரியின் வாடை முழுதும் இதுவே என்பதும் பொருந்தா. மூக்கு உணரும் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. புதுப் பொருளின் வாடையில் கரைப்பான்களின் பங்கும் பெரிது.

எண்ணைச் சொல்லி வணிகம் செய்ய முடியாது, சிறு தொழில் நசிந்துவிடும் என்ற வாதத்துக்கு விடை திருச்சியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரூரில் இருக்கிறது. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி ஆகியவற்றை ஏற்றுமதி செய்யும் அவ்வூருக்கு இந்த வேதிப்பொருள் புதிதல்ல. துணி சுருங்காமலும் மடிப்பு விழாமலும் இருக்கச் செய்யும் பிசின் பூச்சில் அது வருவதால், ஓக்கோ-டெக்ஸ் போன்ற தரங்கள், கைக்குழந்தைகளின் துணியில் ஏறத்தாழக் கண்டறிய முடியாத அளவு, தோலில் படும் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராம், வீட்டு அலங்காரத் துணியில் 300 மில்லிகிராம் என்று வரம்பு வகுத்துள்ளன. ஐரோப்பிய இறக்குமதியாளர் சோதனை அறிக்கையைக் கேட்கிறார், கரூர் ஏற்றுமதியாளர் கொடுக்கிறார். எண் கேட்கப்பட்ட இடத்தில் தொழில் அந்த எண்ணோடு நடக்கிறது. அதே ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதி, 2026 ஆகஸ்ட் முதல் மரச் சாமான்களின் உமிழ்வைக் கன மீட்டருக்கு 0.062 மில்லிகிராமுக்குள், அதாவது இ-1 வரம்பின் பாதிக்குள், கட்டுப்படுத்துகிறது. இ-1 வரம்பை ஒட்டித் தேறிய பலகை அங்கே கடையேற முடியாத நிலைக்குப் போகிறது.

இந்தியாவில் 2009-இல் வகுத்த தேசியச் சுற்றுப்புறக் காற்றுத் தர அளவைகளின் 12 மாசுகளில் ஃபார்மால்டிஹைடு இல்லை. வீட்டுக் காற்றுக்கெனச் சட்ட வலிமையுள்ள வரம்பும் இல்லை. ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருப்பது நல்லதே எனினும், எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று வாங்குவோர் அதில் படிப்பது ஒட்டின் உறுதியைத்தான். அவ்விரு குறிகளிலிருந்து தம் அறைக் காற்றின் நிலையை அவர்களால் அறிய முடியாது. ஆயினும் விளம்பரச் சொல்லைக் கேள்வி கேட்கச் சட்டம் போதுமான அளவு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க இடந்தருகிறது. 2024 அக்டோபரில் வெளியான பசுமைப் பூச்சுத் தடுப்பு வழிகாட்டி நெறிகள், சுற்றுச்சூழல் சார்ந்து சொல்லும் எதற்கும் சரிபார்க்கத்தக்க ஆதாரம் காட்ட வேண்டும் என்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இவற்றை இயக்கத் தேவையானது, ‘ஜீரோ’ என்று எழுதிய பில்லும் பட்டியலும் கையில் இருப்பது.

ஆகவே வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: பலகையில் என்ன பசை, உமிழ்வு எவ்வளவு, எந்த முறையில் எந்த வெப்பத்திலும் ஈரத்திலும் அளந்தது, அளந்த ஆய்வகம் எது. செய்ய வேண்டியவையும் சிலவே: சமையலறைக்கும் சிங்க் அடிக்கும் ஃபீனால் பசைப் பலகை கேட்பது, முதுகும் விளிம்பும் கீல் குழியும் உட்பட எல்லாப் பச்சை முகங்களையும் மூடச் சொல்லி அதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுவது, சாமான் வந்தபின் முதல் சில மாதங்கள் அறையைக் காற்றோட்டமாக வைப்பது, புதுத் திரைச்சீலையைத் துவைத்து மாட்டுவது, ஏ.சி. போடுமுன் சன்னலைத் திறந்து மூடுவது. இவற்றில் சரக்காக விற்கத்தக்கது எதுவும் இல்லாததால் எந்த விளம்பரத்திலும் இவை இடம்பெறுவதில்லை. இக்கேள்விகளைக் கேட்கும் பொறுப்பு வாங்குவோர் தலையில் முழுதும் விழுவது முறையன்று. பொருளைச் செய்தவருக்கே அதன் அளவு தெரியும், ஆகவே மெய்ப்பிக்கும் கடமையும் அவருடையதே. எண்ணும் முறையும் நிபந்தனையும் அச்சிடாத ‘ஜீரோ’வை, எடையும் விலையும் அச்சிடாத பொட்டலத்தைப் போலவே விற்பனைக்கு ஒவ்வாதது என்று அறிவிப்பதே தர நிர்ணய அமைவனமும் நுகர்வோர் ஆணையமும் செய்ய வேண்டிய முதல் வேலை.